குளிர்கால கேம்ப்: 20 பேரைக் கூட்டிட்டுப் போற லீடருக்கு என்னவெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?

பொங்கல் லீவு நெருங்கினாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப், காலேஜ் குரூப் எல்லாவற்றிலும் ஒரே மெசேஜ்தான் சுற்றும். "ஊட்டி போலாமா? டென்ட்ல தங்கலாம், கேம்ப்ஃபயர் போடலாம்." பத்து நிமிடத்தில் இருபது பேர் 'நான் ரெடி' என்பார்கள். அந்த இருபதில் யாரோ ஒருவர் தலையில் பொறுப்பு விழும். வேன் பிடிப்பது, பணம் வசூலிப்பது, நைட் சாப்பாடு பரோட்டாவா சப்பாத்தியா என்று பஞ்சாயத்து தீர்ப்பது என அவர் வேலை ஓடும்.

ஆனால், குளிர்காலத்தில் மலையில் இரவு தங்கும் ஒரு குழுவுக்கு லீடரின் முக்கியமான வேலை ஒன்றுதான். எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போனாரோ, அத்தனை பேரையும் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது. காலேஜ் என்.எஸ்.எஸ் முகாமாக இருந்தாலும், சாரணர் குழுவாக இருந்தாலும், ஃப்ரெண்ட்ஸ் கேங்காக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நம்ம ஊர் மலையில் அப்படி என்ன குளிர்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேலே. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோவையில் ஃபேன் போட்டுத் தூங்கும் அதே இரவில் ஊட்டியில் கம்பளி இல்லாமல் முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிவானதும் நீலகிரியில் உறைபனி சீசன் களைகட்டும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி தரையின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மேகமே இல்லாத இரவில் அந்த வெப்பம் அப்படியே மேலே போய்விடும். 'வானம் கிளியரா இருக்கு, நட்சத்திரம் சூப்பரா தெரியுது' என்று எல்லாரும் ஸ்டேட்டஸ் போடும் இரவுதான் அதிகம் குளிரப்போகும் இரவு.

இன்னொரு விஷயம். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டி டவுனை விடத் தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்வான பகுதிகளில் உறைபனி அதிகம். சில நாட்களில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போவதுண்டு. ஓடைக்கரைப் புல்வெளி பார்க்க அழகாக இருக்கும். டென்ட் போட அதைவிட மோசமான இடம் கிடையாது. கொஞ்சம் மேடான, காற்று நேரடியாக அடிக்காத இடமே சரி.

முதல் கேள்வி: அங்கே தங்க அனுமதி இருக்கா?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அதன்பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்யும் வசதியையும் தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே டென்ட் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், அவன் பார்த்துப்பான்' என்ற பேச்சை நம்பி 20 பேரைக் கூட்டிப் போகக் கூடாது. தனியார் இடம் என்றால் அந்த இடத்துக்கு உரிமம் இருக்கிறதா, காட்டை ஒட்டி இருக்கிறதா, யானை நடமாட்டம் உண்டா என்று கேட்க வேண்டும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தங்கும் விடுதியின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தது நினைவிருக்கலாம்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை அமலுக்கு வந்திருக்கிறது. அதையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

யார் யார் வருகிறார்கள் என்ற லிஸ்ட் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, இதயப் பிரச்னை, அலர்ஜி எதுவும் உண்டா, என்ன மாத்திரை எடுக்கிறார்கள், அவசரத்துக்கு வீட்டில் யாரை அழைப்பது என்பதை எழுதி வாங்க வேண்டும். குரூப்பில் பப்ளிக்காகக் கேட்டால் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். தனித்தனியாகக் கேட்பதே மரியாதை. குளிர்ந்த, வறண்ட காற்று ஆஸ்துமாவைத் தூண்டும். 'இன்ஹேலர் பையில இருக்கு' என்பதோடு, அந்தப் பை எங்கே இருக்கிறது என்பதும் லீடருக்குத் தெரிய வேண்டும்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் அவசியம். பெண்கள் இருக்கும் குழுவுக்குப் பெண் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். கழிப்பறை வசதியை முதலிலேயே விசாரிக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. இருட்டில் குளிரில் வெளியே போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்துபவர்கள் நிறைய. குளிரில் தாகமும் அவ்வளவாகத் தெரியாது. மறுநாள் காலையில் தலைவலி, சோர்வு என்று அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்ற விவரத்தை ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 'ஞாயிறு ராத்திரி 9 மணிக்குள்ள போன் வரலைனா விசாரிங்க' என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. குளிரில் போன் பேட்டரியும் வேகமாக இறங்கும். இரவில் போனையும் பவர்பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஜீன்ஸ், காட்டன் டி-ஷர்ட் போதாதா?

போதாது. காட்டன் வியர்வையை உறிஞ்சி, ஈரத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். பகலில் நடந்து வியர்த்த அதே டி-ஷர்ட்டோடு இரவில் உட்கார்ந்தால் உடம்பு சில்லிட்டுப் போகும்.

ஒரே தடிமனான ஜாக்கெட்டை விட மூன்று அடுக்கு உடை நல்லது. உள்ளே வியர்வையை வெளியேற்றும் சிந்தெடிக் அல்லது கம்பளித் துணி, நடுவில் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். தூங்குவதற்கென்று ஒரு செட் உடையும் சாக்ஸும் பிளாஸ்டிக் கவரில் நனையாமல் தனியாக இருக்க வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுக்கும்போது லேபிளைப் பாருங்கள். 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று வெவ்வேறு டிகிரி போட்டிருக்கும். கடைக்காரர் பெரும்பாலும் 'எக்ஸ்ட்ரீம்' எண்ணைத்தான் சொல்வார். அந்தக் குளிரில் உயிர் பிழைக்கலாம், தூங்க முடியாது. பார்க்க வேண்டியது 'கம்ஃபர்ட்' எண். தரையில் விரிக்கும் மேட்டையும் மறக்கக் கூடாது. கீழே இருந்து ஏறும் குளிரை ஸ்லீப்பிங் பேக் மட்டும் தடுக்காது.

டென்ட்டுக்குள் கரி அடுப்பு வைத்தால் என்ன?

லீடர் விட்டுக்கொடுக்கவே கூடாத விதி இது. மூடிய இடத்துக்குள் கரி, விறகு, கேஸ் எதையும் எரிக்கக் கூடாது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலைப்பகுதிக்குச் சுற்றுலா போன கேரளக் குழுவில் 8 பேர் ஒரே அறையில் தூங்கினார்கள். குளிருக்காக கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. எட்டுப் பேரும் எழுந்திருக்கவில்லை. அதில் நால்வர் குழந்தைகள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும். தூங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பார்பிக்யூ முடிந்து 'தணல் மட்டும்தானே இருக்கு' என்று அடுப்பை உள்ளே எடுத்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. புகை வராத தணலிலிருந்தும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும்.

ஒரே டென்ட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சந்தேகப்படுங்கள். உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்கு அழைக்க வேண்டும். அடுப்பே இல்லாவிட்டாலும் டென்ட்டின் காற்றுத் திறப்பை முழுசாக மூடாதீர்கள். உள்ளே விடும் மூச்சு ஈரமாகப் படிந்து போர்வை நனைந்துவிடும்.

சூட்டுக்கு வேறு வழி? தூங்கும் முன் வயிறு நிறைய சாப்பாடு. கையில் கடலை மிட்டாய். இறுக மூடிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது.

'ஒரு பெக் போட்டா குளிர் தெரியாது' என்பது உண்மையா?

குளிர் 'தெரியாது' என்பது மட்டும் உண்மை. மது, தோலுக்கு அருகே உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் கதகதப்பாகத் தோன்றும். ஆனால் உள் உறுப்புகளின் சூடு அந்த வழியே வெளியேறிவிடும். நடுக்கமும் குறையும், நிதானமும் போகும். குளிர் முகாமில் மது வேண்டாம் என்பதை வேனில் ஏறும் முன்பே சொல்லிவிட்டால், ராத்திரி சண்டை மிச்சம்.

யாருக்கு ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. பனி கொட்டினால்தான் வரும் என்பதில்லை. மழையில் நனைந்து காற்றில் நின்றால், 10 டிகிரியிலும் வரலாம்.

நான்கு அறிகுறிகளைக் கவனியுங்கள். பேச்சு குழறும். விரல்கள் தடுமாறி ஜிப் போட முடியாது. நடை தள்ளாடும். காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள் அல்லது ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். இந்த நிலையில் இருப்பவர் 'ஐ'ம் ஃபைன் ப்ரோ' என்றுதான் சொல்வார். முதலில் குழம்புவது அவருடைய மூளைதான். ஆகவே இருவர் இருவராக ஜோடி சேர்த்து, ஒருவரை ஒருவர் கவனிக்கச் சொல்வது பலன் தரும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம்.

ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த உடையும் போர்வையும் போட்டு, தரையிலிருந்து பிரித்துப் படுக்க வையுங்கள். தலையை மூடுங்கள். முழு நினைவோடு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை கால்களை அழுத்தித் தேய்க்கக் கூடாது, எழுந்து நடக்க வைக்கக் கூடாது. நினைவு தவறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

கேதார்காந்தா மாதிரி இமயமலை ட்ரெக் என்றால்?

குளிரோடு உயரமும் சேர்ந்துகொள்ளும். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் தரும் பொது விதி. தலைவலி, வாந்தி இருந்தால் அதற்கு மேல் ஏற வேண்டாம். தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகாவிலிருந்து போன குழு மோசமான வானிலையில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். அது கோடைக்காலம். உயரமான மலையில் வானிலை சில மணி நேரத்தில் மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லீடருக்குக் கடினமான வேலை எது?

'போதும், திரும்பலாம்' என்று சொல்வது. ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் கொடுத்திருப்பார்கள், லீவு போட்டிருப்பார்கள், வியூ பாயின்ட் இன்னும் அரை மணி நேரம்தான் என்பார்கள். அந்த நேரத்தில் தனி ஆளாக முடிவெடுப்பது கஷ்டம். அதனால் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். மதியம் 2 மணிக்குள் போய்ச் சேராவிட்டால் திரும்பிவிடுவோம், மழை தொடங்கினால் திரும்பிவிடுவோம், ஒருவருக்கு முடியாவிட்டால் எல்லாரும் திரும்பிவிடுவோம். இந்த மூன்றையும் கிளம்பும் முன்பே குரூப்பில் போட்டு, எல்லாரிடமும் 'ஓகே' வாங்கிவிட்டால் மலையில் வாக்குவாதம் இருக்காது.

நடக்கும்போது அனுபவமுள்ள ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. நடுவில் வருபவர்களில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகம்தான் குழுவின் வேகம். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் தலையை எண்ணுங்கள். இருபது பேர் என்றால் இருபது. பத்தொன்பது வந்தால், 'பின்னாடி வந்துட்டிருப்பான்' என்று ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.