ஓதலும் வேண்டலும்

வைகறையில் விளக்கேற்றி வேதாகமத்தை விரிக்கின்றார் ஒருவர். அன்றைக்குரிய அதிகாரங்களை ஓதி முடிக்கின்றார். கண்களை மூடி, நாள்தோறும் கூறும் அதே வேண்டுதலைக் கூறி எழுந்து செல்கின்றார். அரை நாழிகை கழித்து, இன்று யாது ஓதினீர் என வினவினால் விடை கூற அறியார். இஃது அவர் ஒருவரின் குறையன்று. பல்லாண்டு ஓதிவந்த கிறிஸ்தவ அன்பர் பலரும் உள்ளூர உணர்ந்த வரட்சியே இது. இதற்கு மருந்து யாது?

ஒழுங்காக ஓதுதலே மருந்தென்றார் ஒருவர். ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் குருவாயிருந்த ரொபேட் மறே மக்ஷெய்ன், 1842ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்கு ஓர் அட்டவணை வகுத்தளித்தார். அதன்படி ஓதுவோர் ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் முடிப்பர். விரும்பிய பகுதிகளையே மீண்டும் மீண்டும் புரட்டும் வழக்கத்திற்கு இது நல்ல மாற்று. ஆயின், வகுத்தவரே இதன் கேடுகளையும் மறையாது கூறினார்: ஓதல் வெறுஞ் சடங்காகலாம்; முடித்துவிட்டோம் என்னும் செருக்குத் தோன்றலாம்; சிலருக்கு அது சுமக்கவொண்ணா நுகமாகலாம். இடாப்பில் வரவு குறிக்கப்பெற்ற மாணாக்கர் அனைவரும் பாடத்தைக் கேட்டவராகார் என்பதை ஆசிரியர்கள் அறிவார்களன்றோ? முப்பது வயது நிரம்பாத அக்குரு 1843 மார்ச்சில் உயிர்நீத்தார். தாம் வகுத்த முதலாண்டின் முடிவை அவரே காணவில்லை.

மெல்ல ஓதுதலே மருந்தென்பது மற்றொரு பழைய மரபு. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மலைநாட்டுக் கர்த்தூசியத் துறவியர்க்குத் தலைவராயிருந்த இரண்டாம் கீகோ, ஓதுவோர் ஏறவேண்டிய ஏணிக்கு நான்கு படிகள் வகுத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், இறைக்காட்சி. உணவை வாயிலிடுவது வாசிப்பு, மெல்லுவது தியானம், சுவையை நாடுவது ஜெபம், அச்சுவையில் திளைப்பது இறைக்காட்சி. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் சைவ சித்தாந்த வரிசையைப் பயின்றோர்க்கு இவ்வேணி முற்றிலும் புதிதாகத் தோன்றாது. இவ்வழியில் ஓரதிகாரம் வேண்டுவதில்லை; ஒரு வசனமே போதும்.

இனி, ஓதல் முந்தியதோ, ஜெபம் முந்தியதோ? பிரிஸ்டல் நகரில் அநாதைச் சிறுவரைப் பேணிய ஜோர்ஜ் முல்லர் இதனைத் தம் அனுபவத்தால் தெளிந்தார். பல்லாண்டுகளாக அவர் எழுந்தவுடன் ஜெபிக்கத் தொடங்குவார். மனமோ கால்மணி, அரைமணி நேரம் அலைந்து திரியும். 1841ஆம் ஆண்டளவில் அம்முறையை மாற்றினார். முதலில் வேதத்தை ஓதிச் சிந்தித்தார். சில நிமிடங்களுள் நன்றியோ, பாவ அறிக்கையோ, பிறர்க்கான மன்றாட்டோ தானே பிறந்தது.

இவை ஒன்றையொன்று மறுக்கும் வழிகளல்ல. கிறிஸ்தவர்க்கு வேதம் இறைவன் பேசுவது. ஜெபம் மனிதன் கூறும் மறுமொழி. பேச்சைக் கேளாதவனின் மறுமொழி, மனனஞ் செய்த வாய்பாடாகவே நிற்கும். ஆகையால், அட்டவணைப்படி ஓதுக. உள்ளத்தைத் தொடும் வசனம் வந்தால் அங்கேயே நிற்க. எஞ்சிய அதிகாரம் நாளைக்கு ஆகட்டும். அவ்வசனத்தின் சொற்களைக் கொண்டே வேண்டுக. சொல் எழாத நாளில் 150 சங்கீதங்கள் உள. அவற்றில் புகழ்ச்சி மட்டுமன்றி முறையீடும் கண்ணீரும் உண்டு. வரண்ட நெஞ்சின் முறையீடும் ஜெபமே.