நான்கு பேர், ஒரு பெட்டி

விளையாட்டுத் திரை – 19

கெடாரிலிருந்து ஒரு கூட்டுக் கடிதம் வந்திருக்கிறது. விழுப்புரம் – திருவண்ணாமலை சாலையில், காணையைத் தாண்டி இருக்கும் ஊர். எழுதியவர்கள் நான்கு நண்பர்கள். நால்வரும் தினமும் பஸ் ஏறி விழுப்புரத்துக்குப் போய்க் கல்லூரியில் படிக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கி, ஒருவர் வீட்டு மாடி அறையில் வைத்துக்கொள்வதாகத் திட்டம். “ஜிடிஏ 6 வரும்போது எங்கள் கையில் பெட்டி இருக்க வேண்டும் அண்ணா. டிஸ்க் போடும் மாடல் வாங்குவதா, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடலே போதுமா? பணம் மிச்சமாகிறதே!” என்று கேட்கிறார்கள். இந்த வாரம் வந்த மற்ற கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் வந்துவிடும் என்பதால் இதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

தம்பிகளா, டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள். 2024 ஏப்ரலில் பிஎஸ் 5 ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். கடையில் விலை வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பெரிய விளையாட்டு ஒன்று புதிதாக வரும்போது ஐயாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. அதை டிஸ்க்காக வாங்கினால், ஆடி முடித்ததும் விற்றுவிடலாம், வேறு ஒருவரிடம் கொடுத்து அவரிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளலாம். பிஎஸ் 4-க்கு வந்த டிஸ்க்குகளும் ஏறக்குறைய எல்லாமே பிஎஸ் 5-ல் ஓடும். அவற்றில் பலவும் பழைய டிஸ்க்காக மலிவாகக் கிடைக்கின்றன. டிஜிட்டல் பெட்டியில் இந்த வழி எதுவும் கிடையாது. சோனியின் கடை ஒன்றுதான், அங்கே சொல்வதுதான் விலை.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டிஜிட்டலாக வாங்கும் விளையாட்டு ஒருவருடைய கணக்கில் போய்ச் சேர்கிறது. பணம் நால்வர் போடுவீர்கள், கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். படிப்பு முடிந்து அவருக்கு ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை கிடைத்தால், வாங்கிய அத்தனை விளையாட்டும் அவரோடு போய்விடும். டிஸ்க் என்றால் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொள்ளலாம். பணத்தால் சிநேகிதம் கெடுவதைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது நெட். இன்றைய பெரிய விளையாட்டுகள் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தொடுகின்றன. நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் அது ஐம்பது நாள் வேலை. 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இடையில் அறுந்துபோகாமல் ஓடினால் ஏழரை மணி நேரம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவதற்கென்றே டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி வேறு, உங்கள் மாடி அறைக்கு வரும் வேகம் வேறு. அதே தெருவில் இணைப்பு வைத்திருப்பவர் வீட்டில், இரவு எட்டு மணிக்கு வேகம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிஸ்க் வாங்கினால் நெட்டே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிஎஸ் 5-ல் டிஸ்க்கைப் போட்டதும் விளையாட்டு முழுவதையும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் ஏற்றித்தான் ஆட முடியும், அப்டேட்டும் கேட்கும். சில விளையாட்டுகளின் டிஸ்க்கில் பாதிதான் இருக்கும், மீதியை இறக்கச் சொல்லும். ஆகவே ஒவ்வொன்றையும் வாங்கும் முன்பு, டிஸ்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஏற்கெனவே வாங்கியவரிடம் கேளுங்கள்.

இனி ஜிடிஏ 6. முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அதையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் அறிவித்தது. பிஎஸ் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் மட்டுமே அறிவிப்பு. பிஎஸ் 4-ல் வராது. கம்ப்யூட்டருக்கும் அறிவிக்கவில்லை. இரண்டு முறை தள்ளிப்போன ஒரு விளையாட்டுக்காக, அது வரும் முன்பே பணத்தை முடக்க வேண்டாம். தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி வருவது வழக்கம். அதுவரை சேர்த்து வையுங்கள்.

ஆனால் நீங்கள் யோசிக்காத ஒன்று: ஜிடிஏவின் கதை ஒருவர் கன்ட்ரோலரைப் பிடித்து ஆடுவது. நால்வர் பணம் போட்டு வாங்கும் பெட்டியில் ஒருவர் ஆட, மூவர் நாள்கணக்கில் வேடிக்கை பார்ப்பீர்கள். ஐந்தாம் பாகத்தின் ஆன்லைன் ஆட்டத்திலும் ஒரே டிவியில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி கிடையாது. முதல் டிஸ்க்காக ஒரு கால்பந்து விளையாட்டோ, பிக் ஆன்ட் ஸ்டுடியோவின் கிரிக்கெட்டோ, டெக்கன் 8-ஓ வாங்குங்கள். ஹேஸ்லைட் ஸ்டுடியோ 2021-ல் தந்த ‘இட் டேக்ஸ் டூ’, 2025 மார்ச்சில் தந்த ‘ஸ்பிளிட் ஃபிக்ஷன்’ இரண்டையும் தனி ஆளாக ஆடவே முடியாது. இருவர் பேசிப் பேசித்தான் ஒவ்வொரு இடத்தையும் கடக்க வேண்டும். நான்கு பேரும் ஒன்றாக ஆட ‘ஓவர்குக்டு’ இருக்கிறது. ஒரே சமையல் கட்டில் நால்வரும் முட்டிமோதிக்கொள்ளும் ஆட்டம், வீடு அதிரும். இரண்டாவது கன்ட்ரோலருக்கு ஆறாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும், அதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

நம் பக்கத்தில் வீடியோ கேம் வளர்ந்ததே கைமாறிக் கைமாறித்தான். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளுக்கு டிவி கேம் என்று வந்தன. பெட்டி ஒரு வீட்டில் இருக்கும், கான்ட்ரா கேசட் தெரு முழுக்கச் சுற்றும். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டம் வீட்டுக்கு வீடு 14 அங்குலத் திரையைக் கொண்டுவந்தது. செய்திக்கும் சீரியலுக்கும் கொடுத்த டிவியில் பிள்ளைகள் மஞ்சள், வெள்ளை கம்பிகளைச் செருகி மரியோ ஆடினார்கள். விழுப்புரம் மாதிரியான ஊர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பிஎஸ் 2 கடைகள் வந்தன. ஸ்மாக்டவுனும் சான் ஆண்ட்ரியாஸும் பலருக்கு அங்கேதான் அறிமுகம். 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு, வைஸ் சிட்டி பென் டிரைவில் ஏறி விடுதி விடுதியாகப் போனது. அது முறையான வழி இல்லைதான். ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய் பெட்டியை நினைத்தே பார்க்க முடியாத வீடுகளுக்குள் இந்தக் கலை நுழைந்த வழி அது. இன்று கேம் உருவாக்கும் வேலைக்குப் போகிற இளைஞர்கள் பலர் அந்த லேப்டாப்பில் ஆடியவர்களாகவே இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவேதான் டிஸ்க் மறைந்துவருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2020-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் டிஸ்க் போடும் இடமே இல்லை. 2024 நவம்பரில் வெளிநாடுகளில் வந்த பிஎஸ் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். ‘ஆலன் வேக் 2’ 2023-ல் டிஸ்க் இல்லாமலே வெளிவந்தது. ஓராண்டு கழித்துத்தான் டிஸ்க் போட்டார்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் கார்டுகளில் ஒரு வகையில் விளையாட்டே இருக்காது, அதை இறக்குவதற்கான அனுமதி மட்டும்தான் இருக்கும். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருப்பவருக்கு இது சௌகரியமாக இருக்கலாம். கெடாரில் இருப்பவருக்கு இது விலையை ஏற்றி, பகிர்வதை நிறுத்தும் ஏற்பாடு. அடுத்த தலைமுறைக் கன்சோல் பற்றிய அறிவிப்பு வரும்போது எல்லோரும் கிராஃபிக்ஸைப் பேசுவார்கள். நீங்கள் முதலில் டிஸ்க் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பிஎஸ் 5-ன் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. ஆபத்து, பட்டென்று போய்ப் பட்டென்று திரும்பி வரும் கரண்டில்தான் இருக்கிறது. அப்டேட் ஏறும்போது கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பதிவுகள் குழம்பிவிடும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண யுபிஎஸ் ஒன்று போதும். ஆட்டத்தைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது சில நிமிடம் தரும். மாடி அறையை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. சுற்றிலும் 35 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் இடத்தில் பெட்டியை இயக்க வேண்டாம் என்கிறது சோனியின் கையேடு. கத்திரி வெயிலில் நம் மாடி அறைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மே மாதத்தில் பெட்டியைக் கீழே இறக்கிவிடுங்கள், அல்லது இரவில் மட்டும் ஆடுங்கள்.

அந்த வீட்டுக் கரண்ட் பில்லையும் மறக்காதீர்கள். பெட்டியும் டிவியும் சேர்ந்து சுமார் 250 வாட் இழுக்கும். நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட். தினமும் ஆடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். வீட்டுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். பில் கூடும்போது நால்வரும் பங்கு கொடுங்கள். அந்த வீட்டு அம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டார்.

4கே டிவி வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். வீட்டில் இருக்கும் 32 அங்குல எல்இடி டிவியில் ஹெச்டிஎம்ஐ இருந்தால் போதும். 720பி திரையிலும் பிஎஸ் 5 ஓடும்.

திண்டிவனத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பிளேஸ்டேஷன் கேட்கிறான், ஆன்லைன் கேமைத் தடை செய்துவிட்டார்கள் என்கிறார்களே, வாங்கிக் கொடுப்பது சட்டப்படி சரியா?

சரிதான் அம்மா. ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடுவதைத்தான் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது. அதற்கு முன்பே 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமும் அந்தச் சூதாட்டத்தைக் குறிவைத்ததுதான். பந்தயம் இல்லாத கன்சோல் விளையாட்டு இதில் சேராது. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று வயது. டிஸ்க் உறையின் மூலையில் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். ஜிடிஏ ஐந்தாம் பாகத்தில் இருப்பது 18. கொலையும் சித்திரவதையும் பாலியல் காட்சிகளும் உள்ள விளையாட்டு அது. பதினான்கு வயதுப் பையனுக்கு வேண்டாம் என்று நீங்கள் உறுதியாகச் சொல்லலாம். வகுப்பில் எல்லோரும் ஆடுகிறார்கள் என்பான், அப்போதும் வேண்டாம்தான். இன்னொன்று, விளையாட்டுக்கு உள்ளே நடக்கும் வியாபாரம். வீரர் அட்டை, நாணயம் என்று உண்மைப் பணத்துக்கு விற்பார்கள். மகனுக்குத் தனியாகக் குழந்தைக் கணக்கு தொடங்கி, செலவு வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். உங்கள் ஏடிஎம் கார்டு எண்ணைப் பெட்டியில் சேமித்து வைக்காதீர்கள். கூடத்தில் வையுங்கள், அவன் அறைக்குள் வேண்டாம். முடிந்தால் ஒரு ஆட்டம் நீங்களும் ஆடிப் பாருங்கள்.

ஸ்விட்ச் 2 பற்றி விழுப்புரத்திலிருந்து கேட்டவருக்குச் சுருக்கமாக: 2025 ஜூன் 5-ல் உலகச் சந்தைக்கு வந்தது, ஆனால் இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதில்லை. பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. பழுதானால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் என்று போய் நிற்க இடமில்லை. குடும்பமாக ஆட அதைவிட நல்ல பெட்டி இல்லை என்றாலும், வெளிநாட்டில் சொந்தக்காரர் யாரும் இல்லாவிட்டால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசிக் கேள்வி மறுபடி கெடார் நண்பர்களுடையது. “நம்மைப் பற்றிய விளையாட்டு ஏதாவது இதில் உண்டா அண்ணா?”

உண்டு. ‘வெண்பா’. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். வெண்பா தன் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். அதில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து அழிந்திருக்கிறது. அழிந்த இடத்தை நம் அறிவால் நிரப்பிச் சமைப்பதுதான் ஆட்டம். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்பதுதான் புதிர். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே தலையைச் சொறிந்தார்கள், நம் வீட்டுப் பெண்கள் ஒரே பார்வையில் போட்டுவிடுவார்கள். சமைக்கும்போது வானொலியில் ஓடும் பாட்டுகள், ஒவ்வொரு காலத்துத் தமிழ்ச் சினிமா இசையையும் நினைவுபடுத்தும்படி புதிதாகப் போடப்பட்டவை. மகன் தாய்மொழியிலிருந்து விலகிப் போவதையும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் சொன்ன விதத்தில் நான் கலங்கிப்போனேன். 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும், தனி முயற்சி விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசும் இதற்குத்தான் கிடைத்தன.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிஎஸ் 5-ல் ஓடும். ஜிடிஏ அளவுக்குப் பெரியதில்லை, டவுன்லோடு செய்வது சிரமமாக இருக்காது. இவ்வளவு நேரம் டிஸ்க்குக்காகப் பேசிய நானே இதை மட்டும் டிஜிட்டலாக வாங்கச் சொல்கிறேன். கையளவு ஆட்கள் சேர்ந்து செய்யும் விளையாட்டு உலகம் முழுக்கப் போய்ச் சேருவது டவுன்லோடு இருப்பதால்தான். நால்வரில் யார் கணக்கில் வாங்கினாலும் பரவாயில்லை. வாங்கிய அன்று பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இட்லிப் புதிர் வரும்போது கன்ட்ரோலரை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுங்கள்.

அடுத்த வாரம்: பழைய பிஎஸ் 4 வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

(தொடரும்)