பெற்றவளுக்கு ஒரு விளக்கு

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், பார்க்க வருகிற எல்லோரும் முதலில் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். யாருடைய மூக்கு, யாருடைய நிறம், எத்தனை கிலோ என்பதே பேச்சாக இருக்கும். பெற்றவள் இரவு நித்திரை கொண்டாளா, நேரத்துக்குச் சாப்பிட்டாளா என்று கேட்க அவளுடைய தாய் இருப்பாள். தாய் இல்லாதவளை யார் கேட்பது? யுத்தத்தில் தாயை இழந்தவர்களும், தாய் ஒரு நாட்டிலும் தான் ஒரு நாட்டிலுமாகப் பிரிந்தவர்களும் எம் மத்தியில் எத்தனையோ பேர். சமூகப் பணிக்காக வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது.

இக்கேள்விக்கு யூத மக்களிடம் பழைய விடையொன்று இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு கற்கைநெறியொன்றுக்காகச் சில மாதங்கள் இலண்டனில் தங்கியிருந்தபோது அதை அருகிலிருந்து பார்க்கக் கிடைத்தது. நான் தங்கிய இடம் வடமேற்கு இலண்டனில் ஹெண்டன் என்ற பகுதி. அது அடங்கிய பார்னெட் நகரசபைப் பிரிவில்தான் பிரித்தானியாவிலேயே ஆகக் கூடுதலான யூதர்கள் வாழ்கிறார்கள். எனக்கு அறை தந்த தமிழ் அக்காவின் எதிர் வீட்டில் சமய ஒழுங்குகளைத் தவறாமல் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன், மனைவி, மூன்று வயது மகன். மனைவி பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. தாயை ஐந்து வருடங்களுக்கு முன் நோயில் பறிகொடுத்தவர். மாசி மாதக் கடுங்குளிரில், ஒரு புதன்கிழமை, அவருக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

பிள்ளை வந்த பிறகே தொட்டில்

பிள்ளை பிறக்கும் வரை அந்த வீட்டில் தொட்டில் இல்லை. கடையில் பணம் கட்டி வைத்திருந்தார்கள். பிறந்த செய்தி போன பிறகுதான் தொட்டில் வீட்டுக்கு வந்தது. யூதக் குடும்பங்கள் பலவற்றில் இது வழக்கம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வாழ்த்துச் சொல்வதும் இல்லை. "நல்ல நேரத்தில் ஆகட்டும்" என்ற பொருளில் "பெஷாஆ தோவா" என்பார்கள். பிள்ளை கைக்கு வந்த பிறகே "மசல் தோவ்" என்ற வாழ்த்து. பிரசவத்தில் தாயும் சேயும் இறப்பது சாதாரணமாக இருந்த காலத்தின் பயம் இவ்வழக்கங்களில் தங்கியிருக்கிறது.

சாப்பாட்டு அட்டவணை

வியாழக்கிழமை தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். அன்று மாலையே கதவு தட்டப்பட்டது. அவர்களுடைய தொழுகைக்கூடத்தைச் சேர்ந்த பெண்ணொருவர் சுடச்சுடக் கோழிச் சூப்பும் பொரித்த மீனும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உடனே போய்விட்டார். அடுத்த நாள் வேறொரு வீட்டார். இப்படி மூன்று வாரங்கள்.

தொழுகைக்கூடத்துப் பெண் ஒருவர் முன்கூட்டியே அட்டவணை போட்டிருந்தார். எந்த நாள் எந்த வீடு என்பது அதில் இருந்தது. யூதர்கள் இறைச்சியையும் பால் உணவையும் ஒரே வேளையில் சேர்த்து உண்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பது எது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். சாப்பாடு வருவது எறியக்கூடிய அலுமினியத் தட்டுகளில். கழுவித் திருப்பிக் கொடுக்கும் வேலை பெற்றவளுக்கு வரக்கூடாது என்பதற்காக. கொண்டுவருகிறவர், உள்ளே வரச் சொன்னால் ஒழிய, வாசலிலேயே நின்று திரும்ப வேண்டும். மூத்த மகனைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போவது பக்கத்துத் தெருக் குடும்பத்தின் பொறுப்பு.

"இவ்வளவு பேருக்கும் எப்படி நன்றி சொல்வீர்கள்?" என்று அக்கா அவரிடம் கேட்டார். "சொல்லத் தேவையில்லை. போன வருடம் நான் சமைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடமும் கொடுப்பேன்" என்றார் அவர். பெற்றவளுக்கு வேறு ஏற்பாடுகளும் அச்சமூகத்தில் உண்டு. ஸ்டாம்போர்ட் ஹில் என்ற யூதப் பகுதியில், பிள்ளை பெற்ற தாய்மார் சில நாட்கள் தங்கி இளைப்பாறுவதற்கான இல்லமும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு

வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். நெருப்பு மூட்டுவதில்லை, மின்விளக்குப் போடுவதில்லை, தொலைபேசியைத் தொடுவதில்லை, வாகனத்தில் ஏறுவதில்லை. அந்த வெள்ளி இரவுதான் தாய்க்குக் காய்ச்சலும் நடுக்கமும் கண்டன.

கணவர் ஒரு கணமும் யோசிக்காமல் தொலைபேசியை எடுத்தார். வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். கிருமித்தொற்று என்று கண்டு மருந்து ஏற்றினார்கள். ஞாயிறு மாலை தாய் சுகமாக வீடு திரும்பினார்.

"ஓய்வுநாளை மீறியது பாவமில்லையா?" என்று பின்னர் நான் கேட்டபோது அவர் தந்த விளக்கத்தை அப்படியே குறித்து வைத்தேன். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூட் ஏறக்குறைய 1500 வருடங்களுக்கு முன் உருவானது. பெற்றவளின் நாட்களை அது மூன்றாகப் பிரிக்கிறது. முதல் மூன்று நாட்களில் அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவளுக்காக ஓய்வுநாளை மீறலாம். ஏழாம் நாள் வரை, தனக்குத் தேவை என்று அவள் சொன்னால் மீறலாம். முப்பதாம் நாள் வரை அவள் நோயாளியாகவே கணிக்கப்படுவாள். உயிராபத்து வந்தால் எந்த நாள் என்ற கேள்வியே இல்லை.

அதே பகுதியில் இன்னொரு செய்தி உண்டு. ஓய்வுநாளில் பிரசவிக்கும் பெண்ணுக்கு வெளிச்சம் தேவையென்றால் அவளுடைய தோழி விளக்கேற்ற வேண்டும். அவள் கண் தெரியாதவளாக இருந்தாலும் ஏற்ற வேண்டும். விளக்கு அவளுக்குத் தெரியாது. ஆனால் "எனக்கு ஏதும் தேவைப்பட்டால் என் தோழி பார்த்துச் செய்வாள்" என்று அவள் மனம் ஆறும். அந்த மன ஆறுதலுக்காகவே ஓய்வுநாளின் பெரிய கட்டளையை மீறலாம் என்று அக்கால அறிஞர்கள் முடிவு செய்தார்கள். இதைக் கேட்ட அன்று வெகுநேரம் எனக்கு நித்திரை வரவில்லை. உடலுக்கு மருந்து போல மனத்துக்கு ஆறுதலும் பெற்றவளின் உரிமை என்று அவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயரும் அதன் கதையும்

சனிக்கிழமை வைக்க இருந்த பெயர் வைத்தியசாலைப் பயணத்தால் திங்களுக்குப் பிந்தியது. தோரா என்ற வேதச்சுருள் தொழுகைக்கூடத்தில் வாசிக்கப்படும் திங்கள், வியாழன், சனி ஆகிய நாட்களில் பெண் பிள்ளைக்குப் பெயர் சூட்டலாம். தந்தை வாசிப்புக்கு அழைக்கப்படுவார். தாயினதும் பிள்ளையினதும் சுகத்துக்காக மன்றாடும்போது பெயர் அறிவிக்கப்படும். அதுவரை பெயரை வெளியில் சொல்வதில்லை.

ஐரோப்பிய வழி யூதர்கள் இறந்துபோன உறவினரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடிருப்பவரின் பெயரை வைக்கமாட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு அதன் அம்மம்மாவின் பெயர் கிடைத்தது. அந்த அம்மம்மாவுக்கோ, நாசிகள் கொன்ற தன் பாட்டியின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களுள் ஒருத்தி அந்தப் பாட்டி. அவளுடைய மகள் பெர்கன் பெல்சன் முகாமில் உயிர் தப்பியவள். ஆன் பிராங்க் என்ற சிறுமி இறந்ததும் அம்முகாமில்தான். 1945 சித்திரையில் முகாம் விடுவிக்கப்பட்ட பின்னர், அருகிலிருந்த இராணுவக் கட்டடங்களில் இடம்பெயர்ந்தோர் முகாம் அமைந்தது. 1950 இல் மூடப்படும் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்தன. அக்குழந்தைகளைப் பெற்ற பெண்களில் பலருக்குத் தாய் இல்லை, மாமி இல்லை, அக்கா தங்கை இல்லை. எப்படிப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பழகினார்கள். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை 1947 இல் அங்குதான் பிறந்தது.

பெண் பிள்ளைக்கு விழா எங்கே?

ஆண் பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனம். ஊரையே கூட்டி விருந்து வைப்பார்கள். பெண் பிள்ளைக்குத் தந்தை போய்ப் பெயர் சொல்லிவிட்டு வருவதோடு பெரும்பாலும் சரி. லேவியராகமத்தில் பெற்றவளின் சுத்திகரிப்பு நாட்களும் ஆண் பிள்ளைக்கு நாற்பது, பெண் பிள்ளைக்கு எண்பது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. பெண் பிறப்பைச் சற்றுக் குறைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கும் இருந்தது.

ஆனால் அது அப்படியே நின்றுவிடவில்லை. ஸ்பானிய வழி யூதர்களிடம் "செவெத் ஹபாத்", அதாவது "மகள் என்னும் கொடை", என்ற சடங்கு நெடுங்காலமாக உண்டு. தென் ஜேர்மனியில் சிறுவர்கள் தொட்டிலைச் சூழ்ந்து அதை மூன்று முறை தூக்கிப் பிள்ளையின் பெயரைக் கூவும் வழக்கம் இருந்தது. 1970 களிலிருந்து அமெரிக்க யூதப் பெண்கள் "மகளின் மகிழ்ச்சி" என்று பொருள்படும் "சிம்ஹத் பாத்" விழாவைப் பரவலாக்கினார்கள். எதிர் வீட்டிலும் மூன்றாம் ஞாயிறு சிறு கூட்டம் வைத்தார்கள். தாயே எழுந்து நின்று அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். அம்மம்மாவின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பெண்கள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார்கள்.

சாப்பாடு மட்டும் போதாது

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் இரண்டாம் வாரத்தில் அந்தத் தாய் இரவிரவாக அழுதார். பிரசவத்துக்குப் பின் சிறிது காலம் கணவன் மனைவி ஒருவரையொருவர் தொடக்கூடாது என்பது அவர்களின் விதி. கடுமையாகக் கடைப்பிடிப்போர் பிள்ளையைக்கூடக் கைமாற்றுவதில்லை. கணவன் தொட்டிலில் கிடத்த, மனைவி எடுப்பாள். "அழும்போது அவர் என் கையைப் பிடிக்க முடியாதது கஷ்டம்தான். ஆனால் இரவில் பிள்ளைக்குத் துணி மாற்றுவது முழுவதும் அவர்தான்" என்றார்.

சூப் கொண்டுவந்த முதிய பெண்ணொருவர் அவருடைய முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து மதியம் இரண்டு மணித்தியாலம் வந்திருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். தாய் நித்திரை கொண்டார். எமது குடும்பநல மாது போல அங்கும் வீடு தேடி வரும் சுகாதார உத்தியோகத்தர் உண்டு. பிள்ளையை நிறுத்துப் பார்த்தவர், "உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று தாயிடமும் கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, உலகில் பிள்ளை பெற்ற பெண்களில் 100 க்கு 13 பேர் வரை மனநலப் பாதிப்புக்கு உள்ளாகிறார்கள். வளர்முக நாடுகளில் இது ஏறக்குறைய 20 பேர்.

கடல் கடந்தவரும் சிறை மீண்டவரும்

ஆறாவது வாரம் தாய் பிள்ளையோடு முதன்முதலாகத் தொழுகைக்கூடம் போனார். ஓய்வுநாளில் தெருவில் எதையும் சுமப்பதோ வண்டில் தள்ளுவதோ கூடாது. கம்பங்களாலும் கம்பிகளாலும் ஊரைச் சுற்றி எல்லை வகுத்துவிட்டால் அதற்குள் தள்ளலாம். வடமேற்கு இலண்டனில் அந்த எல்லை 2003 இல்தான் வந்தது. அதற்கு முன் கைப்பிள்ளைத் தாய்மார் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள்.

அங்கே பத்துப் பேருக்குக் குறையாத சபையின் முன் தாய் ஒரு நன்றி மன்றாட்டைச் சொன்னார். அம்மன்றாட்டைச் சொல்ல வேண்டியவர்கள் நான்கு வகையினர் என்று தல்மூட் கூறுகிறது. கடல் கடந்து வந்தவர், பாலைவனம் கடந்து வந்தவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து மீண்டவர். பிள்ளை பெற்றவளும் நோயிலிருந்து எழுந்தவளாக இவர்களோடு சேர்க்கப்படுகிறாள். அவள் பிழைத்து வந்ததை ஊர் கேட்கிறது. கேட்டு, இனியும் உனக்கு நன்மையே நடக்கட்டும் என்று மறுமொழி சொல்கிறது.

சகோதரிகளே, அந்த நான்கு வகையினரும் எம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்களும்கூட. அவர்களுக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. உங்கள் மாதர் சங்கத்தில் ஒரு கொப்பியும் பத்துப் பெண்களும் இருந்தால் போதும். அடுத்த பிரசவம் யாருக்கு என்று எழுதுங்கள். எந்த நாள் யார் சமைப்பது, மூத்த பிள்ளையை யார் பாடசாலைக்குக் கூட்டிப்போவது, மதியம் யார் வந்திருப்பது என்று பெயர் போடுங்கள். காய்ச்சல், நடுக்கம், மிகையான இரத்தப்போக்கு கண்டால் நாள் நேரம் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காவிட்டால் குடும்பநல மாதுக்குச் சொல்லுங்கள். தாய் இல்லாதவளின் பெயரைக் கொப்பியில் முதலில் எழுதுங்கள்.