பிராஸ்டின் செய்யுளில் இயைபுத் தொடர்

ஆங்கிலப் பாக்களின் அடியிறுதியில் வரும் ஒலியொப்புமையை எதுகை என்றே வழங்குவார் பலர். இவ்வழக்குப் பொருந்துமா என்பதனை, அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் பிராஸ்ட் 1922-இல் இயற்றி 1923-இல் வெளியிட்ட செய்யுளொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். பனி பொழியும் மாலையில் காட்டருகே குதிரையை நிறுத்தி நிற்கும் வழிப்போக்கனின் கூற்றாக அமைந்தது அது.

நான்கடிச் செய்யுட்கள் நான்கு. ஆக 16 அடிகள். அடிதோறும் 8 அசைகள், மெலிந்ததும் அழுத்தம் பெற்றதுமாக இணைந்து நான்கு சீராகும். நம் நேரும் நிரையும் குறில் நெடில்களானும் ஒற்றடுத்தலானும் அமைவன. ஆங்கிலச் சீரோ ஒலியழுத்தத்தான் அமைவது. ஆதலின் இதனை அளவடி என்றல் எண்ணிக்கையொப்பேயன்றி இயல்பொப்பு அன்று. இறுதிச் செய்யுளின் இரண்டாமடியில், காக்கவேண்டிய வாக்குறுதிகளைக் கூறுமிடத்து, ஆறாம் அசை இயல்பில் மெலிந்தது; சந்தம் வேண்டுதலால் சிறிதே எழுகின்றது. அழுத்தம் என்பது ஒப்புநோக்கிக் கொள்ளப்படுவதே என்பதற்கு இது சான்று.

இனி, ஒலியொப்புமை. 'லேக்', 'ஷேக்', 'ஃபிளேக்' என்பவற்றில் முதல் மெய் வேறுபட, அழுத்தம் பெற்ற உயிர்முதல் எஞ்சியவை ஒன்றுகின்றன. இடத்தால் இது இயைபு. முதல் வேறுபட்டுப் பின் ஒன்றும் தன்மையால் எதுகைக்கு அணித்து. எனினும் தொல்காப்பிய நெறியில் தொடை வரும் இடமே பெயர்க்குக் காரணமாதலின், இயைபு என்றலே தக்கதென்பது எம் கருத்து.

முதல் மூன்று செய்யுட்களிலும் 1, 2, 4 ஆம் அடிகள் இயைய, மூன்றாமடி தனித்து நிற்கும். இஃது உமர் கய்யாம் பாக்களை 1859-இல் ஆங்கிலமாக்கிய ஃபிட்ஸ்ஜெரால்டு கையாண்ட அமைப்பு. பிராஸ்ட் செய்த புதுமை, தனித்து நின்ற மூன்றாமடியின் ஒலியையே அடுத்த செய்யுளின் இயைபாக்கியமை. முதற் செய்யுளின் 'ஹியர்' இரண்டாவதை ஆள்கின்றது. அதன் 'லேக்' மூன்றாவதை. அதன் 'ஸ்வீப்' நான்காவதை. அந்தாதியில் சொல்லோ அடியோ மீளும்; ஈண்டு மீள்வது ஒலி மட்டுமே.

இத்தொடரை முடிப்பது எங்ஙனம்? இறுதிச் செய்யுளின் மூன்றாமடியில் முதற் செய்யுளின் இயைபைக் கொணர்ந்து மண்டலித்திருக்கலாம். அவ்வாறு செய்யின் பயணம் தொடங்கிய இடத்திற்கே திரும்பியதாகும். கவிஞர் நான்கடியையும் ஒரே இயைபாக்கி, மூன்றாமடியையே ஈற்றடியாக மீட்டும் வைத்தார். புதிய ஒலி பிறவாமையின் அடுத்த செய்யுளுக்கு வாயில் அடைபடுகின்றது. உறங்குமுன் கடக்கவேண்டிய தொலைவைக் கூறும் அவ்வடி, முதன்முறை வழியின் நெடுமையைச் சொல்லுகின்றது. மறுமுறை உறக்கத்தைச் சாவெனக் கொள்வார்க்கும் இடந்தருகின்றது.