உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

இணையப் பக்கத்தில் ‘தொடர்க’ என்ற பொத்தான் கண்ணெதிரே இருக்கும். தானியங்கிச் சோதனையோ அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும். யூனிகோடில் ‘தொ’வை இரண்டு விதமாக எழுதலாம் என்பதே காரணம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக இட்டால் மொத்தம் 2 குறியீடுகள். கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டால் 3. திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டையும் ‘என்எஃப்சி’ என்னும் சீர்வடிவத்துக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும்.

ஆனால் ‘கௌரி’ போன்ற சொல்தான் பொல்லாதது. ஔகாரக் குறிக்குப் பதிலாக யாரோ கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால், கணினிக்கு அது வேறு சொல். எந்தச் சீர்வடிவமும் அதைத் திருத்தாது. ஆகவே பொத்தானை அதன் எழுத்தை நம்பித் தேடாமல், மொழி மாறினாலும் மாறாத அடையாளப் பெயரால் தேடுங்கள். மொழிபெயர்ப்பின் எழுத்துகளைச் சரிபார்க்கத் தனிச் சோதனை எழுதுங்கள்.