வீட்டிற் கட்டிய முச்சில்லு வண்டியும் அதன் குளிர்காலப் பராமரிப்பும்

மோட்டார் வண்டி என்றதும், பெரிய தொழிற்சாலை ஒன்றில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் கூடிச் செய்யும் பொருள் என்ற எண்ணமே நம்மிற் பலருக்கும் உண்டாகின்றது. ஆயின், பிரித்தானியாவில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே மோட்டார் வண்டியைக் கட்டி, அதற்கு அரசாங்கப் பதிவு இலக்கமும் பெற்று, தெருவில் ஓட்டிச் செல்வோர் பல்லாண்டுகளாக இருந்துவருகின்றனர். இவர்கள் கட்டும் வண்டிகளுள் முச்சில்லு வண்டிக்குத் தனி இடம் உண்டு. கோடை முழுவதும் அதனை ஓட்டி மகிழும் இவர்கள், குளிர்காலம் வந்ததும் கொட்டகையினுள் நிறுத்திவிட்டு, கழற்றியும் பூட்டியும் பார்க்கத் தொடங்குவர். அந்தக் குளிர்கால வேலை எத்தகையது, அது ஏன் இன்றியமையாதது என்பவற்றை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலில் வண்டியை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் முச்சக்கர வண்டிக்கு முன்னே ஒரு சில்லும் பின்னே இரண்டு சில்லுகளும் உள்ளன. இங்கு நாம் பேசும் வண்டி அதற்கு மறுதலையானது. இரண்டு சில்லுகள் முன்னும் ஒன்று பின்னும் அமைந்தது. ஓடும் வண்டியில் பிறேக் போடும்போது பாரம் முன்னோக்கிச் சாயும். முன்னே இரண்டு சில்லுகள் அகன்று நிற்குமாயின் அந்தப் பாரத்தை அவை தாங்கிக்கொள்ளும். முன்னே ஒற்றைச் சில்லு மட்டும் இருக்குமாயின், வளைவிற் திரும்பும்போது திடீரென பிறேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாகக் கவிழும் இயல்பு மிகும். ஆதலால், விரைந்து ஓடுவதற்கென அமைத்த முச்சில்லு வண்டிகளிற் பல முன்னே இரு சில்லு உடையனவாயின.

இவ்வகை வண்டிக்குப் பேர் பெற்றவர் எச். எவ். எஸ். மோர்கன் என்னும் ஆங்கிலேயர். மல்வேண் என்னும் ஊரில் 1909 ஆம் ஆண்டில் அவர் கட்டிய முச்சில்லு வண்டி, 1910 இல் இலண்டன் ஒலிம்பியாக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. 8 அந்தருக்கு உட்பட்ட நிறையுடைய முச்சில்லு வண்டிகளுக்கு அந்நாட்டில் வரி குறைவாயிருந்தமையால், சிறு வருவாய் உடையோர் அவற்றை விரும்பி வாங்கினர். பிற்காலத்தில் மலிவான நான்கு சில்லு வண்டிகள் பெருகவே, மோர்கன் நிறுவனம் 1950 களின் தொடக்கத்தில் அவ்வண்டியைச் செய்வதை நிறுத்தியது. மீண்டும் அது முச்சில்லு வண்டி செய்யத் தொடங்க அறுபது ஆண்டுகள் சென்றன.

இதனிடையே, வண்டியை உறுப்புகளாக வாங்கி வீட்டிற் பூட்டிக்கொள்ளும் வழக்கம் வளர்ந்துவிட்டது. முழு வண்டிக்கு விதித்த கொள்வனவு வரி உறுப்புகளாக வாங்குவோருக்கு இல்லை என்பதே இதற்கு முக்கிய காரணம். அந்த வரி 1973 இல் நீங்கிப் புதிய வரி வந்தபோது இச்சலுகையும் மறைந்தது. ஆயினும், கையாற் செய்யும் ஆசை மறையவில்லை. 1980 களில் லோமாக்ஸ் என்னும் முச்சில்லு வண்டித் தொகுதி விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிப்படையாயமைந்தது பிரான்ஸ் நாட்டுச் சிற்றோன் நிறுவனத்தின் 2 சீவீ என்னும் எளிய கார். 1948 இல் அறிமுகமாகி 1990 வரை செய்யப்பெற்ற அக்காரின் உடல் துருவினாற் கரைந்த பின்னும், அதன் எஞ்சின் உழைக்கக் கூடியதாகவே இருக்கும். அந்த எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் எடுத்து, அவற்றின்மேற் கண்ணாடிநாரினாற் செய்த இலேசான உடலைப் பூட்டினால் லோமாக்ஸ் ஆகிவிடும். லோமாக்ஸ் 223 என்னும் பெயரே அதன் அமைப்பைக் கூறும். இரண்டு சிலிண்டர், இரண்டு ஆசனம், மூன்று சில்லு என்பது அதன் பொருள்.

இவ்வண்டிக்குக் குளிர்காலம் ஏன் ஓய்வுக்காலமாகின்றது? கூரையோ கதவோ இல்லாத வண்டியில் பனிமழையிற் செல்லுதல் இன்பமானதன்று என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் உப்பு. தெருவில் நீர் உறைந்து சில்லுகள் வழுக்காதிருக்க, செசயர் மாகாணத்து வின்ஸ்போட் முதலிய சுரங்கங்களில் எடுத்த கல்லுப்பைக் குளிர்காலத்திற் தெருவெங்கும் தூவுவர். உப்புக் கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. ஆயின் அந்நீரே இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதில் முதன்மையானது. சில்லு வீசி எறியும் உப்புநீர் அடிச்சட்டத்தின் ஒவ்வொரு பொருத்திலும் புகுந்து தங்கிவிடும். கடற்கரையை அடுத்து வாழும் நம் நேயர்களுக்கு உப்புக் காற்று இரும்பை உண்ணும் விதத்தை எடுத்துக் கூற வேண்டியதில்லை. அந்நாட்டுச் சட்டமும் இவ்வோய்வுக்கு இடந்தருகின்றது. 1998 முதல், வண்டியைத் தெருவிற் செலுத்தாது வைத்திருப்பதாக முறைப்படி அறிவிப்போர் அக்காலத்திற்கு வீதிவரி செலுத்த வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பிறேக் போடும் தட்டுகள் எவ்வகையின, கம்பிகள் எவ்வழியாகச் செல்கின்றன, பின்சில்லின் அச்சுக்கு எந்தப் போல்ற் பூட்டப்பட்டது என்பவற்றைத் தொழிற்சாலையிற் செய்த காருக்கு அதன் கைநூலே கூறிவிடும். வீட்டிற் கட்டிய வண்டிக்கு அத்தகைய முழுமையான கைநூல் இல்லை. ஒரு காரின் எஞ்சினும் மற்றொன்றின் விளக்கும் வேறொன்றின் ஆசனமும் அதிற் சேர்ந்திருக்கலாம். அதனைக் கட்டியவரே அதன் பொறியியலாளர். அவரே அதன் பரிசோதகர். அவர் எழுதிவைக்கும் குறிப்பேடே அதன் கைநூல். வண்டி பின்னர் வேறொருவர் கைக்கு மாறுமாயின், அக்குறிப்பேடு இல்லாமையால் உயிருக்கே ஆபத்து நேரவும் கூடும். ஆதலின், குளிர்கால வேலையின் முதற் கருவி சாவியன்று, எழுதுகோலே எனலாம்.

முதற் பணி கழுவுதல். வண்டியின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவி உலர்த்திய பின்னரே அதனைத் தாங்குகட்டைகளின்மேல் ஏற்றுதல் வேண்டும். தூக்கும் யக்கு ஒன்றையே நம்பி வண்டியின் கீழ் எவரும் புகலாகாது. மூன்று சில்லு வண்டியில் ஒரு சில்லை உயர்த்தியதும் அது தாங்கி நிற்பது எஞ்சிய இரண்டின்மேல் மட்டுமே என்பதால் இந்த எச்சரிக்கை இங்கு இருமடங்கு பொருந்தும்.

அடுத்தது அடிச்சட்டம். 2 சீவீயின் சட்டம் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டிச் செய்தது. அதன் உட்புறத்திற் தேங்கும் ஈரம் உள்ளிருந்தே துருவை வளர்க்கும். வெளியே வண்ணப்பூச்சு அழகாக இருக்கும்போதே உள்ளே தகடு காகிதம்போல் மெலிந்திருக்கக் கூடும். சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தால், நல்ல தகடு கணீரென ஒலிக்கும். மெலிந்த தகடு மங்கலாக ஒலிக்கும். நீர் வடியும் துளைகளை அடைப்பு நீக்கி, உட்புறம் நன்கு உலர்ந்தபின் மெழுகுக் கலவையை உள்ளே விசிறுவது வழக்கம். சட்டம் பெரிதும் கெட்டிருந்தால், நாகமுலாம் பூசிய புதிய சட்டத்திற்கு எஞ்சினையும் உடலையும் மாற்றிவிடுவோரும் உளர். அது ஒரு குளிர்காலம் முழுவதையும் கொள்ளும் வேலையாகும்.

பின்சில்லைத் தனியாகக் கருதுதல் வேண்டும். நான்கு சில்லு வண்டியிற் பின்சில்லு ஒன்றின் காற்று இறங்கினால் அதன் துணைச்சில்லு வண்டியை ஓரளவு நேராக வைத்திருக்கும். இங்கோ அதற்குத் துணை இல்லை. சில்லைக் கையாற் பற்றி மேலும் கீழும் அசைத்து, தாங்கியில் ஆட்டம் உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். ரயரின் தடிப்பை மட்டும் அளந்தாற் போதாது. வயதையும் அறிதல் வேண்டும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என இருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்தது என்பது பொருள். ஆண்டில் ஆயிரம் மைல் மட்டும் ஓடும் வண்டியின் ரயர் தேய்வதன்முன் முதுமையால் வெடித்துப்போகும்.

பிறேக் விடயத்தில், வண்டியின் கலப்பு வரலாறு எவ்வளவு முக்கியமானது என்பது நன்கு விளங்கும். 2 சீவீக் கார்களுக்கு 1981 முதல் முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக் வந்தது. அவற்றிற் பயன்படுவது பச்சை நிறமான கனிய எண்ணெய். அதற்கு முந்திய கார்களிற் பயன்படுவது சாதாரண பிறேக் திரவம். ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் கெட்டு, பிறேக் செயலற்றுப்போகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு வண்டிகளும் ஒரே லோமாக்ஸ்தான். எந்த ஆண்டுக் காரிலிருந்து அதன் உறுப்புகள் வந்தன என்பதை அறிந்தவரே சரியான திரவத்தை ஊற்ற முடியும். திரவக் கிண்ணத்தின் மூடியிலேயே அதன் பெயரைத் தெளிவாக எழுதி ஒட்டுதல் நன்று. சாதாரண திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் மிகும்போது அது குறைந்த வெப்பத்திலேயே கொதித்துப் பிறேக்கைத் தளரச் செய்யும். ஆதலால் அதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவர். துருப்பிடிக்கும் உருக்குக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலப்புக் குழாய்களைப் பூட்டுவது இக்காலத்திற் செய்யத்தக்க சிறந்த திருத்தமாகும்.

எஞ்சின் 602 கன சென்ரிமீற்றர் கொண்டது, காற்றினாற் குளிர்வது. ஓய்வின் முன்னரே பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றிவிடுதல் வேண்டும். பழைய எண்ணெயிற் சேர்ந்த அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் உட்பாகங்களை அரிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளின் இடைவெளி 0.20 மில்லிமீற்றர் உள்ளதா எனப் பார்த்துத் திருத்துவர். விசிறியின் பின்னே உள்ள எண்ணெய் குளிர்த்தியிற் தூசும் எண்ணெயும் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். அதனையும் துப்புரவாக்குதல் வேண்டும். தீப்பொறி எழுப்பும் தொடுமுனைகளும் இவ்விசிறியின் பின்னேயே உள்ளன. விசிறியைக் கழற்றினாலன்றி அவை கைக்கு எட்டா. இத்தொல்லையை ஒழிக்கவே பலர் அவற்றை நீக்கி மின்னணுக் கருவியைப் பொருத்துகின்றனர். இத்திருத்தத்தால் வண்டியின் தோற்றம் சிறிதும் மாறாது. நடுவழியில் நிற்க நேரும் சந்தர்ப்பம் மட்டும் குறையும்.

எரிபொருளைப் பற்றி இக்காலத்தவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. இங்கிலாந்தில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் நூற்றுக்குப் 10 பங்கு வரை எதனோல் என்னும் மதுசாரம் கலக்கப்படுகின்றது. இது ஈரத்தை ஈர்ப்பது. பழைய வகை றப்பர்க் குழாய்களை மென்மையாக்கி வெடிக்கச் செய்வது. சூடான எஞ்சினின்மேற் பெற்றோல் ஒழுகுமாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிநார் உடலும் தீப்பற்றக் கூடியதே. ஆதலால், எதனோலைத் தாங்கும் குழாய்களை இக்குளிர்காலத்திலேயே மாற்றிவிடுதல் பிற திருத்தங்கள் எல்லாவற்றினும் முந்தியது. ஓய்வின்போது எதனோல் குறைந்த உயர்தரப் பெற்றோலையே தாங்கியில் வைத்திருத்தல் நன்று.

மின்சாரத்திலும் இவ்வண்டிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. சாதாரணக் காரில் இரும்பு உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாக அமைகின்றது. கண்ணாடிநார் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் அடிச்சட்டத்திற்குத் தனிக் கம்பி ஒன்று வருதல் வேண்டும். விளக்கு மங்கி எரிந்தால் விளக்கை மாற்றுமுன், அக்கம்பியின் முனையிற் பச்சைப் பூஞ்சைபோற் படிந்திருக்கும் மாசைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பற்றரி முழுதும் மின்னேறிய நிலையில் 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும். 12 வோல்ற் வரை இறங்கினால் ஏறக்குறைய வெறுமையானதே. நிறைந்த பற்றரியின் அமிலம் அந்நாட்டுக் குளிருக்கு உறையாது. வெறுமையான பற்றரியிற் பெரும்பாலும் நீரே எஞ்சுவதால், அது உறைந்து பெட்டியைப் பிளந்துவிடக் கூடும்.

இவையெல்லாம் பராமரிப்பு. இவற்றின் பின்னரே மேம்பாடு என்பது வருதல் வேண்டும். ஆயின், மனித இயல்பு இதற்கு மாறானது. புதிய ஆசனம், பளபளக்கும் புகைக்குழாய், வலுக்கூடிய எஞ்சின் ஆகியவற்றில் மனம் விரைந்து செல்லும். கிறீஸ் பூசுதல் பின்தங்கிவிடும். வண்டியின் சிறப்பு அதன் இலேசான தன்மையிலேயே உள்ளது. ஆண்டுதோறும் நிகழும் தகுதிச் சோதனையில் 450 கிலோவுக்கு மேற்படாத முச்சில்லு வண்டிகளுக்குத் தனி வகுப்பே உண்டு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பத்துக் கிலோ கூட்டிக்கொண்டே போனால் பழைய பிறேக்கும் பழைய வில்லும் புதிய பாரத்தைச் சுமக்க நேரும். எஞ்சினின் வலுவைக் கூட்டுவோர் நிறுத்தும் வலுவை முன்னரே கூட்டியிருத்தல் வேண்டும். செய்யும் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலும் அவசியம். ஒரே காலத்திற் பல மாற்றங்களைச் செய்தால், பின்னர்க் குறை தோன்றும்போது எதனால் வந்தது என்று அறிய இயலாது. ஒவ்வொன்றாகச் செய்து, ஓட்டிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, அதன்பின் அடுத்ததைத் தொடுவதே முறை.

வசந்தம் பிறந்து தெருவில் உப்பு மழையாற் கழுவப்பெற்றதும் வண்டி வெளியே வரும். முதற் பயணம் குறுகியதாக இருத்தல் வேண்டும். சில மைல் சென்று திரும்பி, பூட்டிய போல்ற்றுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, எண்ணெயோ பெற்றோலோ கசிகின்றதா எனத் தரையை நோக்குதல் வேண்டும். அரசாங்கச் சோதகர் ஆண்டிற்கு ஒரு முறை, அதுவும் சிறிது நேரமே வண்டியைப் பார்க்கின்றார். ஏனைய நாள்களில் அதில் ஏறிச் செல்பவரின் உயிரும், எதிரே தெருவில் வருபவரின் உயிரும், அதனைக் கட்டியவர் குளிர்கால இரவுகளில் எவ்வளவு நேர்மையாகத் தம் வேலையைத் தாமே சோதித்தார் என்பதிலேயே தங்கியிருக்கின்றன.