மைனஸ் 30 டிகிரி குளிரில் டீசல் டிராக்டர் ஸ்டார்ட் ஆவது எப்படி?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஜனவரி மாதம் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் என்பது பெரிய செய்தி அல்ல. ஆனால் அந்தக் குளிரிலும் மாடுகளுக்குத் தீவனம் போட்டாக வேண்டும். உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அவற்றுக்கு வழக்கத்தைவிட அதிகத் தீவனம் தேவை. அரை டன் எடையுள்ள உலர்புல் கட்டை மனிதர் தூக்க முடியாது. டிராக்டர்தான் தூக்க வேண்டும். அது ஸ்டார்ட் ஆகலைன்னா அன்றைய நாளே சிக்கல்தான்.

டீசல் இன்ஜினுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரச்சினை?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது அது தானாகவே சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் பீய்ச்சப்பட்டதும் பற்றிக்கொள்ளும்.

கடுங்குளிரில் இதில் மூன்று இடங்களில் அடி விழுகிறது. உள்ளே வரும் காற்றே உறைபனிக் குளிரில் இருக்கும். அழுத்தத்தால் வரும் சூட்டையும் சிலிண்டரின் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிடும். இன்ஜின் ஆயில் தேன்போல கெட்டியாகி, இன்ஜின் சுழலுவதைத் தடுக்கும். மைனஸ் 18 டிகிரியிலேயே பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அதிக பலம் தேவைப்படும் நேரத்தில் பேட்டரியிடம் பலம் இருக்காது.

டீசலே உறையுமா?

மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான். டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிரில் அது சிறு படிகங்களாகப் பிரிந்து, முதலில் ஃபில்டரை அடைக்கும். டேங்க் நிறைய டீசல் இருக்கும், இன்ஜினுக்கு ஒரு சொட்டும் போகாது.

அதனால்தான் குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கென தனி டீசல் விற்கிறார்கள். இந்தியாவிலும் உண்டு. லடாக்குக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்திய டீசல், மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காது.

அப்படியானால் தீர்வு?

வேலை முந்தைய இரவே தொடங்குகிறது. முக்கியமான கருவி, பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்ட்டைச் சூடாக்கும் மின்சாதனம் இது. வீட்டில் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டருக்கு உறவுக்காரர் என்று சொல்லலாம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், இன்ஜினைச் சூடாக்கும் இத்தகைய ஹீட்டர் ஒன்றுக்கு 1949-ல் காப்புரிமை பெற்றார். இரவு முழுவதும் ஓட விட வேண்டியதில்லை. டைமர் வைத்து, கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு ஆன் ஆனால் பெரும்பாலும் போதும்.

* பேட்டரியை முழு சார்ஜில் வைக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் உறைந்து வெடிப்பு விடலாம்.
* 15டபிள்யூ-40க்குப் பதிலாக, கம்பெனி கையேடு அனுமதித்தால், 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 ஆயில்.
* ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.
* மெழுகு உறையாமல் தடுக்கும் திரவத்தை டீசல் உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். உறைந்த பிறகு ஊற்றிப் பெரிய பயன் இல்லை.

காலையில் சாவியைத் திருப்பியதும் குளோ பிளக் விளக்கு அணையும் வரை காத்திருக்க வேண்டும். சிலிண்டருக்குள் சூடேற்றும் சிறு கம்பி அது. ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 30 விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. கிளம்பலைன்னா இரண்டு நிமிடம் ஆற விட வேண்டும். கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கக் கூடாது. கெட்டியான ஆயில் டர்போ வரை போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஹைட்ராலிக் ஆயிலும் அப்படித்தான், அதனால் லோடரை உடனே தூக்காமல் மெதுவாக இயக்க வேண்டும்.

அவசரத்தில் செய்யக் கூடாதவை

இன்ஜின் கிளம்பாத கோபத்தில் சிலர் ஈதர் ஸ்பிரே அடிப்பார்கள். ஈதர் மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். குளோ பிளக் உள்ள இன்ஜினில் அது வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடலாம். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது அதைவிட மோசம். டிராக்டரோடு கொட்டகையும் போய்விடும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட விட்டுச் சூடேற்றினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு ஆளையே கொன்றுவிடும்.

எவ்வளவு முயன்றும் கிளம்பலையா? ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் தீரும். ஹீட்டரைப் போட்டுவிட்டு, ஃபில்டரை மாற்றிவிட்டு, சில மணி நேரம் பொறுப்பதுதான் வழி. மாடுகள் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நிலை வராமலிருக்கத்தான் அங்குள்ள விவசாயிகள் தூங்கப் போகும் முன் ஹீட்டர் பிளக்கை ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.